உங்களுக்குத் தெரியுமா? சுண்டுவிரல் சூப்பர் ஹீரோக்கள்

கடையில் வாங்கிய ஆட்டத்தை அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கிறபடியே ஆடுகிறவர்கள் ஒரு ரகம். நாற்பது பக்க நோட்டில் தாமே விதி எழுதி, சாப்பாட்டு மேசையில் சாக்பீஸால் தெரு வரைந்து, ‘இன்றைக்கு பேட்மேனும் ஹல்க்கும் ஒரே கட்சி’ என்று அறிவித்துவிட்டு ஆடுகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த வாரத் துணுக்குகள் இரண்டாவது ரகத்துக்கு. அவர்களுக்கு வேண்டியது சுண்டுவிரல் உயரத்தில் நிற்கிற வீரர்கள். மினியேச்சர் என்பார்கள், செல்லமாக மினி. இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. நூறு ரூபாய்க்கும் உண்டு, பத்தாயிரத்துக்கும் உண்டு.

★

மலிவு மினி தேடுகிறவர்கள் முதலில் தட்டச்சு செய்கிற சொல், ஹீரோக்ளிக்ஸ். அமெரிக்காவின் விஸ்கிட்ஸ் நிறுவனம் 2002-ல் மார்வெல் பாத்திரங்களை வைத்து இதைத் தொடங்கியது. வண்ணம் பூசியே வரும். ஆனால் சங்கதி பொம்மையில் இல்லை, அதன் காலடியில் இருக்கிறது. பீடத்துக்குள் ஒரு வட்டத் தகடு. அதைத் திருகினால் ‘க்ளிக்’ என்று ஒரு பல் நகரும். பீடத்தில் வெட்டியிருக்கிற சின்ன ஜன்னலில் நகர்வு, தாக்குதல், தற்காப்பு, சேதம் ஆகிய நான்கின் எண்களும் மாறும். அடி வாங்க வாங்கத் திருகிக்கொண்டே போக வேண்டும். பெரும்பாலோருக்கு எண் இறங்கும், ஹல்க் மாதிரிக் கோபக்காரர்களுக்கு நடுவில் ஏறுவதும் உண்டு. கடைசியில் எண் போய் ‘கேஓ’ என்ற எழுத்து வந்தால் ஆள் காலி. தாளில் பென்சிலால் கழித்துக் கழித்து எழுதுகிற கணக்கைப் பொம்மையின் பாதத்திலேயே கட்டிவிட்டார்கள். அதே நிறுவனம் 2000-ல் வெளியிட்ட மேஜ் நைட் என்ற ஆட்டத்தில்தான் இந்தத் தகடு முதலில் வந்தது. யோசனைக்காரர் ஜோர்டன் வைஸ்மன்.

★

தொடக்க கால ஹீரோக்ளிக்ஸ் பீடங்களில் ஒரு வண்ண வளையம் இருக்கும். மஞ்சள் என்றால் கற்றுக்குட்டி, நீலம் என்றால் அனுபவசாலி, சிவப்பு என்றால் பழம் தின்று கொட்டை போட்டவர். மூன்றுக்கும் பொம்மை பெரும்பாலும் ஒரே அச்சுதான். மாறுவது உள்ளே இருக்கிற தகட்டின் எண்கள். விற்பவர் சிவப்புக்கு விலை ஏற்றிச் சொன்னால் பேசாமல் மஞ்சளை எடுங்கள். எண்கள்தான் உங்கள் நோட்டில் இருக்கின்றனவே!

★

புதிதாக வருகிற பெட்டியைப் பிரித்தால்தான் உள்ளே யார் என்று தெரியும். இப்போதைய ஹீரோக்ளிக்ஸ் பெட்டி ஒன்றில் வழக்கமாக ஐந்து பேர். சாதா, கொஞ்சம் அரிது, அரிது, மிக அரிது, அதற்கும் மேலே ‘சேஸ்’ என்று படிப்படியாகப் போகும். சேஸ் ஒன்றுக்காகப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கிறவர்களிடம் சாதாக்கள் மலையாகச் சேர்ந்துவிடும். அந்த மலைதான் நம் சுரங்கம். வெளிநாட்டுத் தளங்களில் சாதா பொம்மை ஒன்று ஒரு டாலருக்கும் கீழே கிடைப்பது சாதாரணம். ‘லாட்’ என்று போட்டு ஐம்பது, நூறு பொம்மைகளை மொத்தமாகத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. பெட்டி வாங்காதீர்கள், பெட்டி வாங்கினவரிடம் வாங்குங்கள்.

★

இன்னொரு ரகசியம். ஹீரோக்ளிக்ஸ் போட்டிகளில் ‘மாடர்ன்’ என்றொரு பிரிவு உண்டு. சுமார் இரண்டு வருடத்துக்குள் வந்த பொம்மைகளுக்குத்தான் அதில் இடம். நாள் கடந்ததும் போட்டி ஆட்டக்காரர்களுக்கு அவை பாரமாகிவிடும். விலை இறங்கும். ஸ்பைடர்மேன் அதே ஸ்பைடர்மேன்தான், காலை மடக்கி அதே சுவரில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறார். அவருடைய சீட்டு மட்டும் கிழிந்துவிட்டது. மினியின் விலையில் பாதி பிளாஸ்டிக்குக்கு இல்லை, விதிப் புத்தகத்துக்கு. சொந்த விதிக்காரர் அந்தப் பாதியைக் கொடுக்கவே வேண்டாம். சேகரிப்பாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

★

ஹீரோக்ளிக்ஸ் ஆட்டம் ஒருமுறை செத்துப் பிழைத்தது. 2003-ல் விஸ்கிட்ஸை வாங்கிய டாப்ஸ் நிறுவனம், 2008 நவம்பரில் அதை இழுத்து மூடியது. மறுவருடம் நெக்கா என்ற பொம்மை நிறுவனம் வாங்கி உயிர்கொடுத்தது.

★

மலிவுப் பொம்மையை வைத்து ஆடுவது ஏதோ ஏழைப்பட்ட வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டம் 1974-ல் வந்தது, முதல் அச்சு வெறும் 1000 பெட்டி. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ், மலிவுக் கடையில் ஹாங்காங் தயாரிப்பு பிளாஸ்டிக் மிருகங்கள் நிரம்பிய ஒரு பை வாங்கினார். ‘வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள்’ என்று பையில் போட்டிருந்ததே தவிர, உள்ளே இருந்தவை எந்தக் காலத்திலும் பூமியில் நடமாடியவை அல்ல. வாலில் துடுப்பு முளைத்த ஒன்று, ஆமையா சுறாவா என்று சொல்ல முடியாத ஒன்று. அச்சுக்காரருக்கு என்ன தோன்றியதோ அதை வார்த்திருக்கிறார். கைகாக்ஸ் அவற்றை மேசையில் வைத்து ஆட, ஒவ்வொன்றுக்கும் பெயரும் குணமும் தேவைப்பட்டது. துடுப்பு வால்காரன் இரும்பைத் துருப்பிடிக்க வைத்துத் தின்கிற ‘ரஸ்ட் மான்ஸ்டர்’ ஆனான். இன்னொன்று ஆந்தைத் தலைக் கரடி. ஆமைச்சுறா, மண்ணுக்கடியில் நீந்தி வந்து ஆளை விழுங்குகிற ‘புலெட்’. முதல் இரண்டும் 1975-ல் அச்சேறின, மூன்றாவது 1976-ல். ஐம்பது வருடமாக உலகம் முழுக்க ஆட்டக்காரர்களை இவை மூன்றும் மிரட்டிக்கொண்டிருக்கின்றன. விலை உயர்ந்த மினியாக இப்போது இவற்றையே தனித்தனியாக விற்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

★

அதே கைகாக்ஸ் அதற்கும் முன்னால் ஆடிய ஆட்டங்களில் டிராகன் வேண்டியிருந்தது. கடையில் டிராகன் இல்லை. பிளாஸ்டிக் ஸ்டெகோசாரஸ் ஒன்றை வாங்கி, வெட்டி ஒட்டி டிராகன் ஆக்கிக்கொண்டார்.

★

மினியின் விலையைக் குறைக்கிற வித்தை நூறு வருடத்துக்கும் பழையது. ஈய வீரர்களை ஜெர்மானியர்கள் கட்டி ஈயமாக வார்த்துக்கொண்டிருந்தபோது, இங்கிலாந்தின் வில்லியம் பிரிட்டன் 1893-ல் ஒரு தந்திரம் செய்தார். உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றுவது, ஓரம் இறுகியதும் நடுவில் இருப்பதைத் திரும்ப வெளியே கவிழ்த்துவிடுவது. வெளியே வீரன், உள்ளே காற்று. ஈயச் செலவு மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு. ஜெர்மன் சரக்கு திணறிப்போயிற்று. இந்த பிரிட்டன் பொம்மைகளைத் தரையில் பரப்பி ஆடித்தான் எச்.ஜி.வெல்ஸ் 1913-ல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற விதிப் புத்தகத்தை எழுதினார். கால இயந்திரம் கண்டுபிடித்த அதே வெல்ஸ்தான். சுருள்வில் வைத்த குட்டிப் பீரங்கியால் நிஜமாகவே சுட்டு வீரர்களைச் சாய்ப்பது அவர் ஆட்டம். பகடை உருட்டுகிற பேச்சே இல்லை.

★

இணையத்தில் மினி வாங்குகிறவர்களைக் கவிழ்க்கிற முதல் வில்லன், அளவு. போன வருடம் நான் ஒரு ஹல்க் வாங்கினேன். படத்தில் மார்பு விரிந்து, முஷ்டி ஓங்கி, திரை கொள்ளாமல் நின்றார். வந்த பார்சலை உலுக்கினேன், சத்தமே இல்லை. பஞ்சுக்குள் துழாவி எடுத்தால் கட்டைவிரல் நகத்தளவு பச்சையாக ஏதோ ஒன்று. அக்கா மகன் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “மாமா, இது ஹல்க்கா, பச்சை மிளகாய்க் காம்பா?” என்றான். விளம்பரத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். உயரம் ஒரு மூலையில் போட்டுத்தான் இருந்தது, என் கண்ணில்தான் படவில்லை. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பழையது விற்கிறவரிடம், “பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?” என்று கேட்டுவிடுவேன். அனுப்பாதவரிடம் வாங்குவதில்லை.

★

28 மி.மீ. என்று போட்டிருந்தால் அது எங்கிருந்து எங்கே? உச்சந்தலை வரை என்று நினைப்போம். பழைய வழக்கம் உள்ளங்காலிலிருந்து கண் வரை. தலையில் தொப்பி, கொம்பு, தீப்பிழம்பு என்று என்ன வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால் கண்ணை எல்லையாக வைத்தார்கள். இப்போது சிலர் கண் வரை அளக்கிறார்கள், சிலர் தலை வரை. போதாக்குறைக்கு, 25 மி.மீ.யில் தொடங்கிய உலகம் 28, 32 என்று வருடாவருடம் வளர்ந்துகொண்டே போகிறது. 2019-ல் வந்த மார்வெல் கிரைசிஸ் புரோட்டோகால் ஆட்டத்தின் பொம்மைகள் சுமார் 40 மி.மீ. அதன் கேப்டன் அமெரிக்கா பக்கத்தில் பழைய 25 மி.மீ. வீரனை நிறுத்தினால் அப்பாவும் ஒன்றாம் வகுப்புப் பையனும்.

சூப்பர் ஹீரோ ஆட்டத்தில் இதற்கு ஒரு சமாதானம் உண்டு. ஒருவர் எட்டடி, ஒருவர் எறும்பு. அளவு பிசகினால் ‘அவர் சக்தியே அதுதான்’ என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். ராணுவ ஆட்டக்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

★

மினியின் தலையும் கையும் உடம்புக்குப் பெரிதாகத் தெரிகிறதா? தயாரிப்புக் குறை இல்லை, வேண்டுமென்றே செய்வது. ‘ஹீரோயிக்’ அளவு என்று பெயர். மூன்றடி தள்ளி நின்று பார்க்கும்போது முகமும் ஆயுதமும் தெரிய வேண்டுமே.

★

ஆட்டத்துக்குத் தெருவும் வேண்டும், தெருவில் வீசி எறியக் காரும் வேண்டும். ஹாட் வீல்ஸ் கார்கள் ஏறக்குறைய 64-ல் ஒரு பங்கு அளவு. 28 மி.மீ. ஆட்களுக்குக் கொஞ்சம் சிறுசு என்றாலும் ஒப்பேறும். 40 மி.மீ. ஆட்களுக்கு 43-ல் ஒரு பங்கு அளவுக் கார்கள்தான் சரி. ஹாட் வீல்ஸ் பக்கத்தில் அவர்களை நிறுத்தினால் காரை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விடுவார்கள் போலத் தெரியும்.

★

உலோகத்தில், பூசிய வண்ணத்தோடு, பிரிக்கிற சூதாட்டம் இல்லாமல், முகம் பார்த்தே வாங்கக்கூடிய மலிவுச் சரக்கு ஒன்று உண்டு. ஜாடா நிறுவனத்தின் நானோ மெட்டல்ஃபிக்ஸ். உயரம் 1.65 அங்குலம், அதாவது 4 செ.மீ.க்குச் சற்று மேல். மேசை ஆட்டத்துக்கென்று செய்தவை அல்ல, அலமாரியில் நிறுத்தி அழகு பார்க்கச் செய்தவை. முகத்தில் வண்ணம் கொஞ்சம் சொதப்பலாக இருக்கும், கண் புருவத்தில் ஏறியிருக்கும். கையில் எடுத்தால் கனம் நன்றாக இருக்கும். மேசை அதிர்ந்தாலும் சாயாமல் நிற்பதில் பிளாஸ்டிக் இதன் கிட்டே வராது.

★

பீடம் விற்கிறார்கள் இணையத்தில், பத்து வட்டத் தகடு இத்தனை டாலர் என்று. வாங்காதீர்கள். கேரம் காயின் விட்டம் 3.02 முதல் 3.18 செ.மீ. வரை இருக்க வேண்டும் என்பது கேரம் ஆட்ட விதி. மினி உலகில் மிகப் புழக்கத்தில் உள்ள பீட அளவுகளில் ஒன்று 32 மி.மீ. பொருத்தம் பார்த்தீர்களா! ஸ்ட்ரைக்கரின் விட்டம் 4.13 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. பருத்த உடம்புக்காரர்களுக்கு மினி உலகம் கொடுப்பது 40 மி.மீ. பீடம். ஆக, காயினில் கேப்டன் அமெரிக்கா, ஸ்ட்ரைக்கரில் ஹல்க். காணாமல் போன காயின்களால் மூலையில் தூங்குகிற பழைய செட் எந்த வீட்டில்தான் இல்லை? கறுப்புக் காயின் வில்லன் கட்சி, வெள்ளைக் காயின் நல்லவர் கட்சி, சிவப்பு தலைவருக்கு. யார் எந்தப் பக்கம் என்று தனியாகக் குறி போடுகிற வேலையும் மிச்சம். மேல்பக்கம் வழுவழுப்பாக இருக்கும். உப்புத்தாளால் நாலு தேய்ப்பு தேய்த்தபிறகு ஒட்டுங்கள், பிடித்துக்கொள்ளும்.

★

எக்ஸ்-மென் கூட்டத்து வுல்வரின் மனிதரா, இல்லையா? அமெரிக்க நீதிமன்றம் ஒன்று உட்கார்ந்து விசாரித்திருக்கிறது. சிரிப்புக்காக இல்லை, வரிக்காக.

அமெரிக்கச் சுங்க விதியில் அப்போது மனித உருவப் பொம்மைக்கு, அதாவது ‘டால்’ வகைக்கு, 12 சதவீதம் வரி. மிருகம், பூதம், ரோபோ என்று மனிதர் அல்லாத விளையாட்டுச் சாமானுக்கு 6.8 சதவீதம். எக்ஸ்-மென் பொம்மைகளை இறக்குமதி செய்த டாய் பிஸ் நிறுவனம், ‘இவர்கள் மனிதர்களே இல்லை, எங்களிடம் கூடுதலாக வாங்கிய வரியைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று வழக்குப் போட்டது. நீதிபதி ஜூடித் பர்சிலே 60-க்கும் மேற்பட்ட பொம்மைகளை எடுத்துவைத்துப் பரிசோதித்தார். நகம், வால், இறக்கை, கண் எல்லாம் பார்த்து, 2003-ல் தீர்ப்பு டாய் பிஸ் பக்கம் போனது. இவர்கள் மனிதர் அல்லர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், டாய் பிஸ் அந்தக் காலத்தில் மார்வெல் குடும்பத்தைச் சேர்ந்தது. ‘நாங்களும் மனிதர்கள்தான், எங்களை ஒதுக்காதீர்கள்’ என்று பக்கம் பக்கமாக எக்ஸ்-மென்னைப் பேசவைத்த அதே மார்வெல். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். கணக்குப்பிள்ளை மட்டும் சிரித்திருப்பார்.

★

அதற்கும் முன்னால், 1964-ல், ஹாஸ்ப்ரோ ஜி.ஐ.ஜோ என்ற படைவீரப் பொம்மையை விற்க வந்தபோது ஒரு தயக்கம் இருந்தது. ஆண் பிள்ளைகள் ‘டால்’ வைத்து விளையாட மாட்டார்களே! அதற்காகவே உருவாக்கிய சொல்தான் ‘ஆக்‌ஷன் ஃபிகர்’. டால் என்ற சொல்லைத் தவிர்க்கப் பிறந்த பெயர், நாற்பது வருடம் கழித்து நீதிமன்றத்தில், ‘இது டாலா, இல்லையா?’ என்று நின்றது.

★

நம் ஊர்ச் சுங்கம் மனிதரா மிருகமா என்றெல்லாம் கேட்காது. விளையாட்டுப் பொம்மை இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. ‘வெளிநாட்டில் இருக்கும் மச்சானை கிஃப்ட் என்று எழுதி அனுப்பச் சொல்கிறேன்’ என்று யாராவது யோசனை சொன்னால், காலம் கடந்த யோசனை. 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புப் பார்சலுக்கு இருந்த வரிச் சலுகை 2019 டிசம்பரோடு போயிற்று. விட்டுவைத்த விதிவிலக்கு இரண்டு. ஒன்று, உயிர்காக்கும் மருந்து. மற்றது, ராக்கிக் கயிறு. ராக்கியோடு சேர்த்து ஸ்பைடர்மேன் அனுப்பினால், கயிறு மட்டும்தான் சும்மா வரும்.

ஆகவே டாலர் விலையைப் பார்த்து வாயைப் பிளக்காமல், தபால் செலவையும் வரியையும் கூட்டிப் பாருங்கள். ஒரு டாலர் பொம்மையைத் தனியாக வரவழைப்பது, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் கதைதான். நாலு பேர் சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழைத்தால் தபால் செலவாவது பங்கு போட்டுக்கொள்ளலாம்.

★

2012-ல் அமெரிக்காவின் ரீப்பர் நிறுவனம், உலோக மினிக்குப் பதிலாக மலிவுப் பிளாஸ்டிக்கில் ‘போன்ஸ்’ என்ற வரிசையைச் செய்ய இணையத்தில் மக்களிடம் முன்பணம் கேட்டது. கேட்டது 30,000 டாலர். குவிந்தது 34 லட்சம் டாலருக்கு மேல். உலோகத்தின் விலையில் எத்தனை பேர் நொந்துபோயிருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

போன்ஸ் மாதிரியான மெத்துப் பிளாஸ்டிக்கில் இரண்டு குணங்கள். ஒன்று, பார்சலில் நசுங்கி வாள் வளைந்தே வரும். கொதிநீரில் இடுக்கியால் பிடித்துச் சில விநாடி முக்குங்கள், இளகும். நேராக்கிப் பிடித்தபடியே ஐஸ் தண்ணீரில் போட்டால் அப்படியே இறுகிவிடும். ஹீரோக்ளிக்ஸ் பொம்மைகளின் வளைந்த கால்களுக்கும் இதே வைத்தியம்தான். இரண்டாவது குணம் பொல்லாதது. சில ஸ்பிரே பிரைமர்கள் இதன்மேல் பட்டால் வாரக்கணக்கில் காயாது, தொட்டால் பிசுபிசுக்கும். பாத்திரம் கழுவுகிற சோப்பால் தேய்த்துக் கழுவிவிட்டு, அக்ரிலிக்கைத் தூரிகையாலேயே பூசுவது நல்லது. ஃபெவிக்ரில், கேம்லின் என்று தெருமுனை ஸ்டேஷனரிக் கடையில் கிடைப்பதே போதும். தண்ணீர் கலந்து மெல்லிசாக இரண்டு தடவை பூசுங்கள். ஒரே தடவையில் மொத்தமாக அப்பினால் முகம் மூடிப்போகும்.

★

பழைய மினி வாங்கினால் முந்தைய சொந்தக்காரரின் கைவண்ணமும் சேர்ந்தே வரும். எனக்கு ஒரு உலோக வீரன் வந்தான். கண் எது, மூக்கு எது என்று தெரியாதபடி சுவருக்கு எனாமல் அடித்த மாதிரி ஐந்து பூச்சு. இதற்கு உலகம் முழுக்க மினிக்காரர்கள் கைகொடுக்கக் கூப்பிடுவது டெட்டாலை. ஆமாம், காயத்துக்குப் போடுகிற அதே டெட்டால். தண்ணீர் கலக்காமல் ஒரு மூடி போட்ட ஜாடியில் ஊற்றி, ஒருநாள் ஊறப்போட்டேன். மறுநாள் கையுறை போட்டுக்கொண்டு பழைய பல்துலக்கியால் தேய்த்ததும் வண்ணம் ஈரத்தோல் மாதிரிச் சுருண்டு சுருண்டு வந்தது. முதலில் தோள், பிறகு பெல்ட், அப்புறம் முகம். உள்ளே அப்படியொரு செதுக்கல். மூக்கின் கீழே முறுக்கு மீசை!

இதில் ஒரு கண்டம் உண்டு. உரிந்துகொண்டிருக்கிற வண்ணத்தின்மேல் தண்ணீர் பட்டால் எல்லாம் சேர்ந்து கோந்துபோல் ஒட்டிக்கொள்ளும். அதனால் முதல் தேய்ப்பு முழுக்க டெட்டாலிலேயே நடக்க வேண்டும், கடைசியில்தான் சோப்பும் தண்ணீரும். இந்த வித்தை கையால் பூசிய அக்ரிலிக்குக்கு. தொழிற்சாலையில் பூசி வரும் ஹீரோக்ளிக்ஸின் மேல் உரிக்காமலேயே புது வண்ணம் அடித்துவிடலாம். நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோனை மட்டும் பிளாஸ்டிக் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வண்ணத்தோடு வீரனும் கரைந்துவிடுவான்.

★

பேட்மேனின் தலையை வெட்டி இன்னொரு உடம்பில் ஒட்டி, உங்கள் கதைக்கென்று புதிய வீரனைப் படைப்பதற்குப் பெயர் ‘கிட்பேஷ்’. மேல்நாட்டார் நீலமும் மஞ்சளுமாக இரண்டு பட்டைகளைப் பிசைந்து பச்சையாக்குகிற ‘கிரீன் ஸ்டஃப்’ என்ற எபாக்ஸிக் களிம்பைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நம் ஊரில் தண்ணீர்க் குழாய் ஒழுகினால் தேடுகிற எம்-சீலும் அதே எபாக்ஸி ஜாதிதான். நுணுக்கம் கொஞ்சம் குறைவு, சீக்கிரம் இறுகிவிடும். போர்வையும் பாறையும் செய்யப் போதும். ஃபெவிக்விக்கால் ஒட்டிய இடத்தில் இடைவெளி தெரிந்தால் ஒரு சிட்டிகை சமையல் சோடா தூவுங்கள். பசை அந்தக் கணமே கல்லாகி இடைவெளியை அடைத்துவிடும். சூடு கிளம்பும், விரல் ஜாக்கிரதை.

★

3டி பிரிண்டர் வைத்திருக்கிற நண்பர் இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. பொம்மையின் வரைவுக் கோப்புக்கு எஸ்டிஎல் என்று பெயர். இலவசமாகவும் கிடைக்கிறது, விலைக்கும் கிடைக்கிறது. ரெசின் திரவத்தை ஒளியால் இறுக்குகிற ரகத்தில் ஒரு மினிக்கு ஏழெட்டு மில்லி ரெசின் போதும். அது இருபது ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஆனால் இறுகாத ரெசினைக் கையுறை இல்லாமல் தொட்டால் தோல் தடித்துவிடும். தொட்டுத் தொட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு விடாது. கோப்பை வாங்கும்போது உரிமத்தைப் படியுங்கள். பெரும்பாலானவை வீட்டு உபயோகத்துக்கு மட்டும். அச்சிட்டு விற்க உரிமம் வேறு, விலை வேறு.

★

வீரனை நாமே வடிவமைக்கலாம் என்றால், ஹல்க் மாதிரியே ஒருவரைச் செய்துகொண்டால்? சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற கணினி விளையாட்டில் ஆட்டக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். 2004-ல் மார்வெல் அந்த விளையாட்டு நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டது. மறுவருடம் சமாதானமாகிவிட்டார்கள்.

★

‘சூப்பர் ஹீரோ’ என்ற சொல்லே வெகுகாலம் மார்வெலும் டிசியும் கூட்டாக வைத்திருந்த வணிகக் குறி. பரம எதிரிகள் ஒற்றுமையாக இருந்த ஓர் இடம். ஒரு சின்ன நிறுவனம் அதை எதிர்த்து மனுப் போட, இரண்டு ஜாம்பவான்களும் பதிலே தாக்கல் செய்யாமல் விட, 2024 செப்டம்பரில் பதிவு ரத்தாகிவிட்டது. அதுவரை சின்னத் தயாரிப்பாளர்கள் தங்கள் மினிகளுக்கு வேறு வேறு பெயர் தேடியதற்கு இதுவும் ஒரு காரணம். பாத்திரங்களையும் ‘முகமூடிக் காவலன்’, ‘பச்சை ராட்சதன்’ என்று வாய் திறக்காமல் சொல்லிவிடுவார்கள். தேடும்போது பாத்திரத்தின் பெயரைவிட, ‘பறக்கும் பெண், போர்வையோடு’ என்று தோற்றத்தைத் தட்டிப் பாருங்கள். பெயர் இல்லாதவர் விலையும் இல்லாதவர்.

★

செலவே வேண்டாமென்றால் தாள். 1980-ல் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ், டெனிஸ் லூபே வரைந்த படங்களோடு ‘கார்ட்போர்டு ஹீரோஸ்’ என்ற மடித்து நிறுத்துகிற அட்டை வீரர்களை விற்றது. முன்பக்கம் முகம், பின்பக்கம் முதுகு. இன்றைக்கு வீட்டு பிரிண்டரில் ஒரு ஏ4 தாளில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்துவிடுவார்கள். பைண்டர் கிளிப் மாட்டினால் நிற்பார்கள். மின்விசிறியை மட்டும் அணைத்துவிடுங்கள்.

★

மரம், வேலி, குளம், பெஞ்சு ஆகியவற்றை ‘டெரைன்’ என்ற பெயரில் கப்பலேற்றி வரவழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நவராத்திரி சமயத்தில் மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் போனால், கொலுப்படிக்குக் கீழே ‘பார்க்’ கட்டுவதற்கென்று இவை எல்லாமே பாக்கெட்டில் தொங்கும். அம்மா போன வருடம் பார்க்கைப் பிரித்தபோது ஆறு தென்னை மரமும் ஒரு கிணறும் என் பங்குக்கு வந்தன. தோர் இப்போது கிணற்றடியில்தான் சுத்தியலைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

★

எந்தத் தளத்திலும் என் கண்ணில் படாத ஒரு வீரர், இரும்புக்கை மாயாவி. சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் நாயகர் இவர்தான். பிரிட்டிஷ் காமிக்ஸின் ‘ஸ்டீல் கிளா’. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும்.

உலகத்திலேயே மலிவாகச் செய்யக்கூடிய மினியும் இதுவாகத்தான் இருக்கும். உடைந்த பொம்மை ஒன்றின் வலது கையை வெட்டினேன். குண்டூசி ஒன்றைக் கேரம் காயினில் செருகி, நுனியில் கையை ஒட்டினேன். ஒரு சொட்டு வெள்ளி வண்ணம். மேசையில் வைத்ததும் அக்கா மகன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

“மாமா, மிச்ச ஆள் எங்கே?”

“கரண்ட்டத் தொட்டுட்டார்டா.”

“அப்ப இவரை எப்படி அடிக்கறது?”

நோட்டை எடுத்தேன். புது விதி எழுத வேண்டியிருந்தது.